ராசாத்தியைப் பார்த்து எழுதிய தளபதி

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். டி.வி. வாங்கியது நான். அதைத் திருச்சியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் வரை வந்தது நான். இரண்டு நாள் தொடை மரத்துக் கிடந்ததும் எனக்குத்தான். அந்த டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுகிற படத்தில் ஒன்றையாவது நான் முழுசாகப் பார்த்திருக்கிறேனா? கிடையாது. படம் ஓடுகிற நேரம் பூராவும் நான் மொட்டை மாடியில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் ஆண்டெனாவுக்கு ஒரு குணம். திருச்சிப் பக்கம் திருப்பி வைத்தால் ஐந்து நிமிஷம் நிற்கும். அப்புறம் மெல்லத் தா.பழூர் பக்கம் திரும்பிக்கொள்ளும். என் மனைவி ராசாத்தி பிறந்த ஊர் தா.பழூர். இந்த வீட்டில் இரும்புக்குக்கூட அவள் பிறந்த வீட்டுப் பக்கம்தான் சாய்மானம். மாடிக்குப் படியும் கிடையாது. மூங்கில் ஏணி ஒன்று இருக்கிறது. அதில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தெரியுதா?” என்று நான் கத்த வேண்டும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாதித் தெருவின் சார்பாகப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள், “கோடு விழுவுது” என்று பதில் சொல்வாள். நான் பார்த்த படங்கள் எல்லாம் வசனமாகத்தான் காதில் விழுந்தவை. கதாநாயகி கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே போன ஆடி மாதம் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இனி டி.வி. எனக்கு. படம் பார்க்க இல்லை, கம்ப்யூட்டருக்கு.

ராசாத்தியின் தம்பி மாயவன் சிங்கப்பூரில் இருக்கிறான். வந்தபோது அக்காவுக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் எனக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தான். தாம்பாளம் அளவுதான் இருக்கும், கறுப்பு நிறம், ரப்பர் பொத்தான்கள். டி.வி.யில் சொருகினால்தான் எழுத்து தெரியும். நான் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் சோதிக்கிற லேபில் வேலை பார்ப்பவன். அறிவியல் எனக்குப் புதிது இல்லை. கூட வந்த புத்தகத்தை எட்டு மாதம் படித்து, நானே ஒரு விளையாட்டு எழுதினேன். விண்வெளிப் போர்.

விளையாட்டு இதுதான். வானத்தில் இரண்டு கிரகம். ஒன்று உங்களுக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேருக்கும் மண்ணுக்கடியிலிருந்து தாது கிடைக்கும். அதை வைத்து மூன்று காரியம் செய்யலாம். மேலும் தாது வெட்ட இயந்திரம் வைக்கலாம், போர்க்கப்பல் கட்டலாம், இல்லை கிடங்கில் சேர்த்து வைக்கலாம். கப்பலுக்குத் தீனி உண்டு. சும்மா நின்றாலும் வருஷா வருஷம் தாது தின்னும், தீனி இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் துருப்பிடித்துப் போகும். எதிரியின் கிரகத்தைப் பிடித்தவர் ஜெயித்தவர். நாற்பது வருஷத்தோடு ஆட்டம் முடியும். கம்ப்யூட்டர் பக்கம் நின்று எதை எப்போது கட்டுவது, எப்போது பாய்வது என்று முடிவு செய்கிறவனுக்கு நான் தளபதி என்று பெயர் வைத்திருந்தேன். தளபதிக்கு மூளை கொடுத்ததுதான் அந்த எட்டு மாத வேலை.

இதில் ஒரு தொல்லை. எழுதியதைக் கேசட்டில் பதிந்து வைத்தால் பத்துக்கு ஒன்பது தடவை திரும்ப ஏறாது. கரண்டு போனால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு தடவையும் நோட்டைப் பார்த்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். எனக்கு இரண்டு விரலால்தான் அடிக்க வரும், கண் பொத்தானை விட்டு நகராது. அதனால் நோட்டை ராசாத்தியிடம் கொடுத்துவிடுவேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒவ்வொரு வரியாக வாசிப்பாள், நான் அடிப்பேன். எண்ணும் ஆங்கில எழுத்தும் தானே, அவளுக்கு என்ன புரியப்போகிறது. வரி மறந்து போகாமல் இருக்க ஓரத்தில் நான் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதையும் அவள் வாய்க்குள் முணுமுணுப்பாள். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

தீர்மானத்தை அறிவித்ததும் ராசாத்தி சண்டைக்கு வரவில்லை. விளையாட்டை ஒருதரம் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தளபதியை ஜெயிக்க இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது என்றேன். பந்தயம் அங்கேயே முடிவாகிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், மூன்று ஆட்டம். அதில் தளபதி ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், டி.வி. என்னுடையது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பரணுக்குப் போகும்.

“ரெண்டு பேருமே ஜெயிக்கலன்னா?” என்று கேட்டாள் ராசாத்தி.

“ஜெயிக்கலன்னா நான் தோத்ததா வச்சிக்க” என்றேன். பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

முதல் ஆட்டம். தன் கிரகத்துக்குத் தா.பழூர் என்று பெயர் வைக்கச் சொன்னாள். வைத்தேன். என் தளபதி முதல் வருஷமே கிடைத்த தாது அத்தனையையும் கப்பலில் போட்டான். இரண்டாம் வருஷமும் கப்பல், மூன்றாம் வருஷமும் கப்பல். திரையில் பார்க்கவே நெஞ்சு நிமிர்ந்தது. ராசாத்தி ஏழு வருஷம் ஒரு கப்பல்கூடக் கட்டவில்லை. இயந்திரம், இயந்திரம் என்று வெட்டிக்கொண்டே இருந்தாள். பாவம், போர் என்றால் என்னவென்றே தெரியாதவள் என்று நினைத்தேன்.

படை கம்பீரமாகப் போக வேண்டும் என்பதால், பதினைந்து கப்பல் சேர்ந்த பிறகே பாய வேண்டும் என்று தளபதிக்குச் சொல்லி வைத்திருந்தேன். பன்னிரண்டு சேர்ந்தது. பதின்மூன்றாவதைக் கட்டத் தாது இல்லை. இருந்த பன்னிரண்டும் வருகிற தாதுவைத் தின்றே தீர்த்தன, அப்படியும் தீனி போதவில்லை. நாலு வருஷம் நின்ற இடத்தில் நின்று, ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. ராசாத்தி பன்னிரண்டாம் வருஷம் ஒரே மூச்சில் இருபது கப்பல் கட்டி வந்து கிரகத்தை எடுத்துக்கொண்டாள்.

“வெத நெல்லக் குத்திச் சோறாக்கித் தின்னுட்டு, வயலப் பாத்துக்கிட்டு நின்னா என்ன வெளையும்?” என்றாள். “ஒங்க தளபதி ஒங்களாட்டமேதாங்க. மாசம் பொறந்தா பத்து நாளு கறியும் மீனும், அப்புறம் ரசம்.”

இது விளையாட்டைப் பற்றிய விமரிசனமா, இல்லை என்னைப் பற்றியதா? நான் சாப்பிட்டது கறி என்றால் சமைத்தது யார்? பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கூடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏணி ஏறினேன்.

அந்த வாரம் முழுக்கத் தளபதிக்குப் பாடம் நடத்தினேன். முதலில் இயந்திரம், பிறகு கிடங்கு, பிறகுதான் கப்பல். தீனிக்கு இருப்பு இல்லாமல் ஒரு கப்பல்கூடக் கட்டக் கூடாது. பதினைந்து வரை காத்திருக்கிற வேலை வேண்டாம். எதிரியின் கப்பல்கள் நம்முடையதில் பாதிக்குமேல் இல்லாத வருஷத்தில் உடனே பாய். இதைவிடப் புத்திசாலியான தளபதி சோழ ராஜாக்களுக்குக்கூட வாய்த்திருக்க மாட்டான். வழக்கம்போல ராசாத்தி வாசித்தாள், நான் அடித்தேன்.

இரண்டாம் ஆட்டத்தில் தளபதி பிரமாதமாக ஆடினான். இருபது கப்பல், நாற்பது, அறுபது. ஆனால் பாயவே இல்லை. நான் திரையைக் கூர்ந்து பார்த்தேன். தளபதியிடம் இருபது இருந்தால் ராசாத்தியிடம் பதினொன்று. நாற்பது இருந்தால் இருபத்தொன்று. அறுபதுக்கு முப்பத்தொன்று. எப்போதும் பாதியும் அதற்கு மேல் ஒன்றும். அவன் அத்தனை கப்பலுக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்கிறான், இவள் பாதிச் செலவில் நின்றுகொண்டு மிச்சத்தைக் கிடங்கில் தள்ளுகிறாள். முப்பதாம் வருஷம் அவன் கிடங்கு காலி. துரு ஆரம்பித்தது. முப்பத்து நாலாம் வருஷம் தா.பழூர் கொடி என் கிரகத்தில் பறந்தது.

“அது எப்படிச் சரியா ஒண்ணு கூட வச்ச?” என்று கேட்டேன்.

“ஓரத்துல தமிழ்ல எழுதியிருந்தீங்கல்ல. பாதிக்கு மேல இருந்தா பாயமாட்டான்னு. நீங்கதான படிக்கச் சொன்னீங்க?”

எதிரியின் படைத்தலைவன் கையிலேயே நம் போர்த் திட்டத்தைக் கொடுத்து, உரக்கப் படி என்று சொன்னவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அதற்காக அவள் புரிந்துகொள்ளலாமா? வாசிக்கச் சொன்னால் வாசிப்பதோடு நிற்க வேண்டும். புரிந்துகொள் என்று நான் எங்கேயாவது சொன்னேனா? அன்றைக்கு மாடியில் ஆண்டெனாவிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தா.பழூர் பக்கம் திரும்பிக்கொண்டது.

மூன்றாம் ஆட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. இப்போது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்னைப் போல ஒரு தளபதியை எழுதியதுதான் தப்பு. இந்த வீட்டில் எப்போதும் ஜெயிப்பது யார்? ராசாத்தி. அப்படியென்றால் தளபதியை ராசாத்தியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அவள் ஆயுதத்தை வைத்தே அவளை அடிக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் வேவு பார்க்க ஆரம்பித்தேன். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அரிசி அளக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்றேன். மண்ணெண்ணெய் ஊற்றும்போது ஜன்னல் ஓரம் நின்றேன். அடேயப்பா, அது தனி ராஜாங்கம். தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போடுகிறாள். மண்ணெண்ணெய் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று என்னிடம் சொல்கிறாள். கேழ்வரகு டின்னுக்குள் வெல்லம், வெல்ல டின்னுக்குள் புளி. எதிரிக்கு இருப்பு தெரியக் கூடாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்து முக்கியமான ஆராய்ச்சி. எந்த அளவுக்குச் சீண்டினால் ராசாத்தி பாய்வாள்? அது தெரியாமல் தளபதிக்குப் பாய்ச்சல் எழுத முடியாது. செவ்வாய்க்கிழமை ஊறுகாய் ஜாடியைக் கீழே போட்டேன். அவள் பிறந்த வீட்டுச் சீதன ஜாடி. நாலாக உடைந்தது. ராசாத்தி துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். “கால்ல குத்திடப் போவுது, தள்ளி நில்லுங்க” என்றாள். அவ்வளவுதான். புதன்கிழமை சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். வியாழக்கிழமை பெரம்பலூரில் இருக்கிற என் தங்கை செல்வம்மாளுக்குச் சொல்லி அனுப்பி, முன்னறிவிப்பு இல்லாமல் நாலு பிள்ளைகளோடு வரவழைத்தேன். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு சரியில்லை. ராசாத்தி அவளுக்குத் தலைவாரி, பூ வைத்து, பணியாரம் சுட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு பொறுமைசாலியை இத்தனை நாள் சண்டைக்காரி என்றே நினைத்திருக்கிறேனே. நோட்டில் எழுதினேன்: எவ்வளவு சீண்டினாலும் தானாகப் பாயாது.

இந்தத் தடவை நோட்டு ராசாத்தி கைக்குப் போகவில்லை. கிருஷ்ணம்மாளின் புருஷன் கண்ணையன் என்னோடு லேபில் வேலை பார்ப்பவர். ராசாத்தி சந்தைக்குப் போன சனிக்கிழமை அவரை வரவழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

“தானா பாயாதுன்னு எழுதியிருக்கீங்களே சார். ஒங்க வூட்டம்மாவப் பாத்து எழுதினதுன்னீங்க. நெசமாவா?”

“கண்ணையன், அறிவியல்னா கண்ணால பாத்தத எழுதறது. நான் பாத்தேன்.”

“சுவர் ஒண்ணுதான் சார் நம்ம ரெண்டு வூட்டுக்கும். நானும் பதினோரு வருஷமா கேக்கறேன்” என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கணக்கு இதுதான். புதிய தளபதி தானாகச் சண்டைக்குப் போக மாட்டான். இயந்திரம் வைப்பான், சேர்ப்பான், இருப்பில் பாதியை மறைத்து வைப்பான். ஆனால் யாராவது ஒரு கப்பலைக் கொண்டுவந்து அவனைத் தொட்டால் போதும், மறைத்து வைத்ததெல்லாம் கப்பலாகிக் கிளம்பும். தொட்டவன் சாம்பல். ராசாத்தி இரண்டு ஆட்டத்திலும் அவளேதான் வந்து பாய்ந்தாள். மூன்றாவதிலும் பாய்வாள். அதோடு தீர்ந்தது. இதை நினைத்து நினைத்து சனிக்கிழமை இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. கண்ணையனும் கிருஷ்ணம்மாளும் பார்க்க வந்துவிட்டார்கள். ராசாத்தி கையில் பூக்கூடையோடு உட்கார்ந்தாள். இயந்திரம் வைத்தாள், கொஞ்சம் கிடங்கில் போட்டாள், பொத்தானைத் தட்டிவிட்டுப் பூக் கட்டினாள். தளபதியும் இயந்திரம் வைத்தான், கொஞ்சம் கிடங்கில் போட்டான். பத்து வருஷம் ஆயிற்று. ஒரு கப்பல் கிடையாது. இருபது ஆயிற்று. இரண்டு கிரகத்திலும் தாது மலையாகக் குவிந்திருக்கிறது, வானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. முகூர்த்தம் முடிந்த மண்டபம் போலக் கிடந்தது என் விண்வெளி.

எனக்கு வியர்த்தது. தளபதி பலவீனமாக இருக்கிறான் பார், இப்போது போனால் எடுத்துவிடலாம் என்று ஆசை காட்டினேன். ராசாத்தி பூவை முடிச்சுப் போட்டாள். தைரியம் இல்லையா என்று கேட்டேன். இன்னொரு முழம் அளந்தாள். முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தொன்பது. நாற்பதாம் வருஷம் திரையில் ‘ஆட்டம் முடிந்தது, வென்றவர் இல்லை’ என்று வந்தது. அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதி வைத்தவனும் நான்தான்.

“ரெண்டு பேருமே ஜெயிக்கலங்க” என்றாள் ராசாத்தி. “அப்படின்னா நீங்க தோத்ததா வச்சிக்கச் சொன்னீங்க.”

நான் எழுந்து நின்றேன். இது அநியாயம், நோட்டு உன் கைக்கே வரவில்லை, தளபதி பாய மாட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

“திங்கக்கெழம காலையில கதவுக்குப் பின்னால பென்சிலோட நின்னீங்க. காலு ரெண்டும் கீழ தெரிஞ்சுது. என்னப் பாத்து எழுதறீங்கன்னு புரிஞ்சுபோச்சு. நான் சண்ட போட்டா அதுவும் சண்ட போடும். அதான் ஒரு வாரம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

கண்ணையன் கூரையைப் பார்த்தார். நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். அப்படியென்றால் அது நீ இல்லை, நடிப்பு, தளபதியை நான் தப்பான ஆளைப் பார்த்து எழுதிவிட்டேன், ஆட்டம் செல்லாது என்றேன்.

“அப்ப நான் சண்டக்காரின்னு சொல்றீங்களா? கிருஷ்ணம்மா முன்னாடி சொல்லுங்க.”

சொல்ல முடியுமா? சண்டைக்காரி என்றால் அங்கேயே சண்டை. இல்லை என்றால் ஆட்டம் செல்லும். எந்தப் பக்கம் போனாலும் கிரகம் போச்சு. வாயை மூடிக்கொண்டேன். அதையும் அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

பூக்கூடையை ஓரமாக வைத்தாள் ராசாத்தி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கிடங்கில் சேர்ந்தது தாது மட்டும் இல்லை. ஒரு வாரம் வாயைக் கட்டிய அத்தனையும் சேதாரம் இல்லாமல் இருப்பில் இருந்திருக்கிறது.

“பந்தயம் முடிஞ்சுதுல்ல. இப்ப சொல்லுங்க. எங்கம்மா குடுத்த ஜாடிய வேணுமின்னே போட்டு ஒடச்சது யாரு?”

செவ்வாயிலிருந்து ஆரம்பித்தது. புதன்கிழமைச் சாம்பார் வந்தது. வியாழக்கிழமை செல்வம்மாளும் நாலு பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். பணியாரத்துக்கு ஆட்டிய மாவு, அதற்கு வலித்த கை, எல்லாம் வந்தது. இரண்டு ஆட்டத்தில் நான் கட்டிய மொத்தக் கப்பலும் இதற்கு முன்னால் நிற்காது. கிருஷ்ணம்மாள் நடு நடுவே ‘அப்படியா செஞ்சாரு’ என்று எடுத்துக் கொடுத்தாள். கண்ணையன் எப்போது நழுவினார் என்று தெரியவில்லை.

ஐந்தரை மணி ஆயிற்று. தெரு ஜனம் பாயோடும் பலகையோடும் உள்ளே வந்து உட்கார்ந்தது. நான் கம்ப்யூட்டரை டி.வி.யிலிருந்து கழற்றி, பழைய வேட்டியில் சுற்றினேன். மூங்கில் ஏணியை வாசலிலிருந்து கொண்டுவந்து பரணில் சாத்தி ஏறினேன். அண்டாவுக்கும் உலக்கைக்கும் நடுவில் என் எட்டு மாதத்தை வைத்தேன். என் தளபதி, முதல் தடவையாகத் தோற்காமல் நின்றவன், அங்கே வேட்டிக்குள் கிடக்கிறான். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு இறங்கத் திரும்பினேன்.

கீழே ராசாத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்து எறங்குங்க” என்றாள். “ஏணிய அப்படியே கையோட எடுத்துக்கிட்டுப் போங்க, படம் போட்டுட்டான், கோடு விழுவுது.”